மேலண்ணம்: நாம் எண்ணிப் பாராத ஓர் அருட்கொடை



மக்தபில் சேரும் பிள்ளை எழுத்துகளை அடையாளம் கண்டுகொண்டதும், அவை பிறக்கும் இடங்களை நாங்கள் சொல்லிக்கொடுக்கத் தொடங்குவோம். பெரிய காஃப் நாவின் அடிப்பகுதி மேல்வாயின் பின்புறத்தில் பொருந்துவதால் பிறக்கிறது. சிறிய காஃப் அதற்குச் சற்று முன்னே. ஜீமும் ஷீனும் யாவும் நாவின் நடுப்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழுவதால் பிறக்கின்றன. தாவும் தாலும் நாவின் நுனி மேல் முன்பற்களின் வேரைத் தொடுவதால் பிறக்கின்றன. நாவை எப்படி வைக்க வேண்டும் என்று ஆயிரம் முறை சொல்லிக்கொடுக்கும் நாங்கள், அந்த நாவு சென்று தொடுகின்ற கூரையைப் பற்றி ஒரு முறையும் பேசுவதில்லை. அது எப்போதும் அங்கே இருக்கும் என்பதே நம் எண்ணம்.

அல்பலத் அத்தியாயத்தில் இரு கண்களையும் நாவையும் இரு உதடுகளையும் அல்லாஹ் தன் அருட்கொடைகளாக நினைவூட்டுகிறான். அந்த நாவு பேசுவதற்கும் அந்த உதடுகள் உண்பதற்கும் துணைநிற்கும் மேலண்ணத்தையும் தாடையையும் இழந்தவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை எங்கள் தெருவில் வாழும் ஒரு சகோதரரின் மூலமாகவே நான் அறிந்துகொண்டேன். தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் தமக்கு நேர்ந்ததை எழுதினால் பிறருக்குப் பயன்படும் என்று அனுமதி தந்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

அவர் ஆரணியில் பட்டுத் தறி நெய்பவர். தறி ஓடும் வீட்டில் மெல்லப் பேசிப் பயனில்லை; நாடா ஓடும் ஓசையை மீறிக் குரல் கொடுத்தால்தான் அடுத்த தறியில் இருப்பவருக்குக் கேட்கும். அப்படிப் பழகிய அவருடைய குரல் உரத்தது, தெளிவானது. மோதினார் ஊரில் இல்லாத நாள்களில் பள்ளிவாசலில் பாங்கு சொல்வது அவர்தான். அவருடைய பாங்கு ஆற்றங்கரை வரை கேட்கும் என்று எங்கள் தெருப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையில் அவர் நோயுற்றார். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தது. உயிர்வாயுவும் ஸ்டீராய்டு மருந்தும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். வீடு திரும்பிச் சில வாரங்களில் இடது கன்னத்தில் வலியும் மரத்துப்போன உணர்வும் தோன்றின. மேல் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. பல்வலி என்று எண்ணி அருகில் உள்ள மருத்துவரிடம் அதைப் பிடுங்கிக்கொண்டார். புண் ஆறவில்லை. சில நாள்களில் மேலண்ணத்தில் கருமை படர்ந்தது. அப்போதுதான் அது மியூகார்மைகோசிஸ் என்று தெரியவந்தது.

அந்த ஆண்டு செய்தித்தாள்களில் 'கருப்புப் பூஞ்சை' என்று அன்றாடம் படித்தோமே, அதுதான். உண்மையில் அந்தப் பூஞ்சை கருப்பு நிறமுடையது அன்று. மண்ணிலும் மட்கும் பொருள்களிலும் காற்றிலும் அதன் நுண்விதைகள் எப்போதும் இருக்கின்றன. நலமாக இருப்பவரை அவை ஒன்றும் செய்வதில்லை. கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும்போது, மூக்கின் வழியே நுழைந்து இரத்தக் குழாய்களை அடைத்துவிடுகின்றன. இரத்தம் செல்லாத சதையும் எலும்பும் இறந்து கறுக்கின்றன. அந்தக் கருமையால் வந்த பெயர் அது. சைனஸ் அறைகளிலிருந்து மேலண்ணத்துக்கும், கண்ணுக்கும், அங்கிருந்து மூளைக்கும் அது பரவக்கூடியது. 2021 மே மாதத்தில் தமிழக அரசு இதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆணையிட்டது. அதே ஆண்டு ஜூலைக்குள் நாடு முழுவதும் 45,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகவும், 4,300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

இதற்கு ஆம்ஃபோடெரிசின் பி என்னும் மருந்து உண்டு. ஆனால் இறந்துபோன பகுதிக்கு இரத்தம் செல்லாததால் மருந்தும் செல்வதில்லை. ஆகவே அந்தப் பகுதியை அறுவை செய்து அகற்றியே ஆக வேண்டும். எங்கள் சகோதரருக்கு இடப்பக்க மேல்தாடையும் அதனோடு சேர்ந்த மேலண்ணமும் பற்களும் அகற்றப்பட்டன. கண் தப்பியது. உயிர் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ்.

நாங்கள் எல்லோரும் அத்தோடு சோதனை முடிந்தது என்று எண்ணினோம். அவருக்கோ அப்போதுதான் தொடங்கியது.

மேலண்ணம் என்பது வாய்க்குக் கூரை, மூக்குக்குத் தரை. அந்தத் தளம் இடிந்தால் இரண்டு அறைகளும் ஒன்றாகிவிடுகின்றன. குடிக்கும் நீர் மூக்கின் வழியே வெளியே வந்தது. சோறு மேலே ஏறிக்கொண்டது. ஒரு பக்கத்துப் பற்களால் மட்டும் மெல்ல வேண்டியிருந்தது. இடக் கன்னம் உள்வாங்கியது. எல்லாவற்றையும்விட அவரை வாட்டியது பேச்சுதான்.

இதைத் தஜ்வீத் ஓதியவர்கள் எளிதாக விளங்கிக்கொள்ளலாம். மீமும் நூனும் மூக்கின் வழியே ஒலிக்கும் குன்னா உடைய எழுத்துகள். மற்ற எழுத்துகளுக்குக் காற்று வாய்க்குள்ளே தடுக்கப்பட்டு வெளிவர வேண்டும். அண்ணத்தில் துவாரம் இருந்தால் தடுக்கப்படும் முன்பே காற்று மூக்குக்குத் தப்பிவிடுகிறது. ஆக எல்லா எழுத்தும் குன்னாவாகிவிடுகிறது. 'அக்பர்' என்று சொல்ல முயன்றால் 'க்' என்பது 'ங்' போலவும், 'ப' என்பது 'ம' போலவும் ஒலித்தது. தொலைபேசியில் பேசும்போது இரு விரல்களால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். அப்போதுதான் மறுமுனையில் இருந்த மகளுக்கு ஓரளவு புரிந்தது.

பாங்கு நின்றது. பிறகு ஜமாஅத்தில் வந்து முதல் வரிசையில் நிற்பது நின்றது. 2022 ரமளானில் பள்ளிவாசலில் நோன்பு திறக்க வருவதும் நின்றது. நோன்புக் கஞ்சியை நாலு பேர் நடுவே குடிக்க முடியாது என்பதே காரணம். வீட்டில்கூட மனைவி மக்கள் உண்டு முடித்த பிறகு, ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி அமர்ந்து உண்டார் என்று பின்னர் அறிந்தேன்.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருந்தது. அறுவை செய்த மருத்துவமனையிலேயே, அண்ணத்தை மூடும் செயற்கைத் தட்டு ஒன்று பொருத்தலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு அவர் போகவில்லை. பணமும் பயணமும் ஒரு காரணம். மற்றொரு காரணம் நம்மைப் போன்றோர் கவனிக்க வேண்டியது. உறவினரில் பெரியவர் ஒருவர், "அல்லாஹ் எடுத்ததை நாம் செயற்கையாக வைப்பதா? அவனுடைய படைப்பை மாற்றுவது கூடாதே! கத்ரைப் பொருந்திக்கொண்டு ஸப்ராக இருங்கள்" என்று சொல்லியிருந்தார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் ஒரு மனிதரை ஓராண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உண்ண வைத்தது.

என்னிடம் அவர் இதைக் கேட்டபோது வாயால் கேட்கவில்லை. ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நான் அவருக்கு அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் செய்தியைச் சொன்னேன்.

இஸ்லாத்துக்கு முந்திய அறியாமைக் காலத்தில் குலாப் என்னுமிடத்தில் நடந்த போரில் அர்ஃபஜா (ரலி) அவர்களின் மூக்கு வெட்டுண்டது. அவர்கள் வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். அது நாற்றமெடுத்துத் துன்பம் தந்தது. இதனை அறிந்த நபி (ஸல்) அவர்கள், தங்கத்தால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொள்ளுமாறு பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாஈ ஆகிய நூல்களில் இந்தச் செய்தி இடம்பெற்றுள்ளது.

இதனுள் எத்தனை பாடங்கள் அடங்கியுள்ளன என்று எண்ணிப் பாருங்கள். முதலாவது, இழந்த உறுப்புக்குப் பதிலாகச் செயற்கை உறுப்பு வைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. இரண்டாவது, பொருத்திய உறுப்பு சரியில்லை என்றபோது "இதுவே போதும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லவில்லை. மேலான ஒன்றைக் காட்டிக்கொடுத்தார்கள். மூன்றாவது, ஆண்களுக்குத் தங்கம் அணிவது தடுக்கப்பட்டிருந்தும், தேவையின் பொருட்டு அதையே பயன்படுத்தச் சொன்னார்கள். பற்களைத் தங்கத்தால் கட்டிக்கொண்ட அறிஞர்கள் பலர் இருந்தனர் என்றும், அதற்கு இந்தச் செய்தியே ஆதாரம் என்றும் இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் குறிப்பிட்டுள்ளார்கள். ஹனஃபீ மத்ஹபில் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டுவதை அனுமதித்தது பலரும் அறிந்ததே.

அவ்வாறாயின் படைப்பை மாற்றுவது குறித்த எச்சரிக்கை யாரைப் பற்றியது? அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக்கொள்வோரை நபிமொழி கண்டிக்கிறது. நன்றாக இருப்பதை வீண் அழகுக்காகச் சிதைப்பது வேறு. சிதைந்துபோனதை மீண்டும் அதன் பணிக்குக் கொண்டுவருவது வேறு. முன்னது மாற்றம்; பின்னது மருத்துவம். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் ஏவல். ஸப்ர் என்பது கிடைக்கும் நிவாரணத்தை மறுத்துவிட்டு அமர்ந்திருப்பதன்று. நிவாரணத்தைத் தேடும் வழியில் வரும் துன்பங்களைத் தாங்கிக்கொள்வதும் ஸப்ரே.

மறுவாரம் அவர் சென்னைக்குப் புறப்பட்டார். நானும் உடன் சென்றேன்.

பல் மருத்துவக் கல்லூரிகளில் செயற்கைப் பல் கட்டும் துறை ஒன்று தனியாக உண்டு. புராஸ்தோடான்டிக்ஸ் என்பார்கள். சாதாரணப் பல்செட் மட்டுமன்றி, தாடை, அண்ணம், கண், காது, மூக்கு ஆகியவற்றை இழந்தவர்களுக்கு மாற்று உறுப்புச் செய்வதும் அந்தத் துறையின் பணி. அண்ணத்தின் துவாரத்தை மூடும் கருவிக்கு ஆப்டுரேட்டர் என்று பெயர். பார்வைக்கு மேல் பல்செட் போன்ற ஒரு தட்டு. அதன் மேற்புறத்தில், துவாரத்துக்குள் சென்று அடைத்துக்கொள்ளும் ஒரு குமிழ். அக்ரிலிக் என்னும் பிசினால் செய்கிறார்கள். கனமாக இருந்தால் கீழே இழுக்கும் என்பதால் குமிழின் உட்புறத்தைக் குடைந்து வெறுமையாக விடுகிறார்கள். எஞ்சிய பற்களைப் பற்றிக்கொள்ளும் கம்பிக் கொக்கிகள் அதைத் தாங்குகின்றன. எத்தனை பற்கள் எஞ்சியுள்ளன, அவை எங்கே உள்ளன என்பதற்கேற்பத் தாங்கும் முறை மாறும். முஹம்மத் அராமணி என்னும் பல் மருத்துவர் 1978-இல் இத்தகைய இழப்புகளை ஆறு வகைகளாகப் பிரித்து வகுத்த முறை இன்றும் பாடமாக உள்ளது.

அளவெடுப்பது எளிதன்று. அறுவைக்குப் பின் அவருடைய வாய் முழுமையாகத் திறக்கவில்லை. பல வாரங்கள் பயிற்சி செய்து திறப்பை அதிகப்படுத்த வேண்டியிருந்தது. அளவுக்கூழ் மூக்கின் உள்ளே சென்று சிக்கிவிடாமல் துவாரத்தின் ஆழத்தில் துணி வைத்துக் காத்தார்கள். தட்டு தயாரானதும் குமிழின் விளிம்பில் மென்மையான பொருளைப் பூசி, விழுங்கச் சொன்னார்கள், தலையை இருபுறமும் திருப்பச் சொன்னார்கள், பேசச் சொன்னார்கள். அசையும் சதையே அந்த விளிம்புக்கு வடிவம் கொடுத்தது. தண்ணீர் குடிக்கச் செய்து பார்த்தார்கள். 'பாப்பா', 'தாத்தா', 'காக்கா' என்று சொல்லச் செய்து, மூக்கின் கீழே ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்தார்கள். காற்று மூக்கின் வழியே கசிந்தால் கண்ணாடியில் ஆவி படியும். படிந்த இடத்தைக் கண்டு, குமிழைச் சற்றுக் கூட்டினார்கள். மீண்டும் சொல்லச் செய்தார்கள்.

அந்த இளம் பெண் மருத்துவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். இவர் பாங்கு சொல்பவர் என்று நான் தெரிவித்ததும், "அப்படியானால் அதையே சொல்லச் சொல்லுங்கள் ஐயா, எந்த எழுத்துச் சரியில்லை என்று நீங்கள் சொல்லுங்கள்" என்றார். அந்த மருத்துவ நாற்காலியின் அருகே நின்று, மக்தபில் பிள்ளைகளுக்குச் சொல்வதைப்போல, "இதற்கு நாவு இங்கே தொட வேண்டும், அதற்குக் காற்று அடைபட வேண்டும்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, நாவு தொடும் இடத்தில் தட்டின் தடிமனைத் திருத்தினார். எழுத்துகள் பிறக்கும் இடத்தைப் பற்றிய நம் கல்வியும் அவருடைய கல்வியும் ஒரே இடத்தில் வந்து சந்தித்ததை அன்று கண்டேன்.

இந்தக் கலையின் வரலாற்றிலும் நமக்குப் பங்கு உண்டு. கி.பி. 1000 வாக்கில் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்), 30 பகுதிகள் கொண்ட தம் மருத்துவ நூலில், ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டும் முறையையும், விழுந்த பல்லுக்கு ஈடாக மாட்டெலும்பைச் செதுக்கி வைக்கும் முறையையும் எழுதியுள்ளார். வெள்ளி நிறம் மாறிக் கெடும், தங்கம் கெடாது என்பதையும் அவர் காரணமாகக் காட்டினார். 16ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அறுவை மருத்துவர் அம்ப்ரோஸ் பாரே அண்ணத் துவாரத்தை உலோகத் தட்டால் மூடி, மேலே ஒரு கடற்பஞ்சு வைத்து, அது ஈரத்தில் ஊதித் தட்டைத் தாங்குமாறு செய்தார். 1965-இல் ஸ்வீடனில் பிரானமார்க் என்பவர் டைட்டானியத் திருகை மனிதத் தாடையில் பதித்துப் பல் கட்டினார். முதன்முதலில் அதனைப் பெற்றவர் பிறவியிலேயே தாடைக் குறையுடையவர். மேல்தாடை முழுவதையும் இழந்து, கொக்கி மாட்ட ஒரு பல்லும் இல்லாதவர்களுக்கு, இன்று கன்ன எலும்பில் நீண்ட திருகுகளைப் பதித்து அவற்றின்மீது பற்களை நிறுத்துகிறார்கள். கீழ்த்தாடையை இழந்தவர்களுக்குக் கணைக்கால் பகுதியின் சிறிய எலும்பை இரத்தக் குழாயோடு எடுத்துத் தாடையாக வளைத்து வைத்து, அதன்மேல் பற்களைப் பொருத்தும் முறையும் நம் நாட்டில் நடைபெறுகிறது.

குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். வாய்ப் புற்றுநோய்க்கோ பூஞ்சைக்கோ தாடையில் அறுவை செய்யப்போகிறார்கள் என்றால், அறுவைக்கு முன்பே செயற்கைப் பல் துறை மருத்துவரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முன்கூட்டியே அளவெடுத்திருந்தால், அறுவை மேசையிலேயே முதல் தட்டைப் பொருத்திவிட முடியும். நோயாளி கண் விழிக்கும்போதே அண்ணம் மூடியிருக்கும். பிறகு புண் ஆறும் காலத்தில் இரண்டாவது தட்டு. புண் ஆற ஆறச் சுருங்கும் என்பதால் அதை அவ்வப்போது திருத்த வேண்டும். சில மாதங்கள் கழித்து, வடிவம் நிலைபெற்ற பின் நிலையான தட்டு. கதிர்வீச்சுச் சிகிச்சை வேண்டியிருந்தால், கெட்ட பற்களை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சுப் பட்ட எலும்பில் பிறகு பல் பிடுங்கினால் அது ஆறாமல் போகக்கூடும். எலும்பு நிரப்பும் பொருள் எந்த விலங்கினுடையது என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். சொந்த எலும்பு, செயற்கைப் பொருள் என மாற்று வழிகள் உண்டு.

ஆரணியில் உள்ளவர்களுக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும் அருகிலேயே உள்ளன. சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துச் செல்லுங்கள். எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்று முதலிலேயே விசாரியுங்கள்.

அவர் என்னிடம் கேட்ட மார்க்கச் சட்டங்களையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். உளூச் செய்யும்போது வாய் கொப்பளிப்பது சுன்னத். ஆகவே தட்டைக் கழற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஹனஃபீ மத்ஹபில் ஃபர்ளு. எளிதில் கழற்றக்கூடிய தட்டு நீரைத் தடுக்குமானால் கழற்றிக் கொப்பளிக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் அங்கும் அது சுன்னத்தே. நிலையாகப் பதிக்கப்பட்ட பற்களைக் கழற்ற வேண்டியதில்லை. புண் ஆறாத நிலையில் நீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் மார்க்கம் சலுகை தருகிறது. தட்டு அணிந்திருப்பதால் நோன்பு முறியாது. ஸஹர் முடிந்ததும் கழற்றிக் கழுவி, உணவுத் துணுக்கு இல்லாமல் அணிந்துகொள்ள வேண்டும். எழுத்தைச் சரியாக உச்சரிக்க இயலாத நோயாளி தம்மால் இயன்றவாறு ஓதித் தொழுதால் அவருடைய தொழுகை நிறைவேறும். அதில் அவருக்குக் குற்றமில்லை. ஒவ்வொருவர் நிலையும் வேறுபடுவதால், ஐயம் இருப்பின் உங்கள் ஊர் ஆலிமிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் சகோதரருக்கு நேர்ந்தது பூஞ்சையால். அது அவர் தேடிக்கொண்டதன்று. ஆனால் அந்தத் துறையின் வாசலில் எங்களோடு காத்திருந்தவர்களில் பலர் வாய்ப் புற்றுநோயால் தாடையை இழந்தவர்கள். புகையிலையும் பாக்கும் அவர்கள் வாயில் பல ஆண்டுகள் இருந்தவை. தமிழகத்தில் குட்கா, பான் மசாலா ஆகியவை 2013-இலேயே தடை செய்யப்பட்டன. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துள்ளது. தறியில் நெடுநேரம் அமர்ந்திருப்பவர்கள் சோர்வு நீங்க வாயில் பாக்கை ஒதுக்கிக்கொள்வதை நாம் அறிவோம். நிக்காஹ் விருந்தின் முடிவில் வாசலில் தட்டு நிறைய பீடா வைப்பதும் நம் வழக்கமாகிவிட்டது. சிறுபிள்ளைகளும் எடுத்துச் செல்கிறார்கள். அந்தத் தட்டை நம் மஹல்லாக்களிலிருந்து அகற்ற எந்தச் சட்டமும் தேவையில்லை. ஜமாஅத்தின் ஒரு தீர்மானம் போதும்.

இப்போது எங்கள் சகோதரர் எப்படி இருக்கிறார்? ஐந்தாறு பயணங்களுக்குப் பிறகு அவருக்கு நிலையான தட்டு கிடைத்தது. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் கழற்றிக் கழுவ வேண்டும்; துவாரத்தையும் தூய்மை செய்ய வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். கடினமான இறைச்சியை மெல்ல முடியாது. பேச்சில் சில எழுத்துகள் இன்னும் முழுமையாகத் திருந்தவில்லை. கனத்த தா அவருக்குப் போராட்டமாகவே உள்ளது. ஆனால் தண்ணீர் மூக்கில் வருவதில்லை. மூக்கைப் பிடிக்காமல் மகளோடு தொலைபேசியில் பேசுகிறார். கடந்த ரமளானில் பள்ளிவாசல் பாயில் எங்களோடு அமர்ந்து கஞ்சி குடித்தார்.

ஒரு நாள் அஸருக்கு மோதினார் தாமாகவே ஒதுங்கி நின்று, அவரைப் பாங்கு சொல்லச் சொன்னார். பழைய உரம் இல்லை. ஆயினும் 'அக்பர்' என்ற சொல்லில் காஃபும் பாவும் தம் இடத்திலிருந்தே பிறந்தன. பள்ளிவாசலில் இருந்த எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்கு மறுமொழி கூறினோம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் குடும்பத்தாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். தாடை இழந்தவர் ஒருவர் உங்கள் மஹல்லாவில் இருக்கக்கூடும். அவர் வெளியே வராததால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தேடிச் செல்லுங்கள். ஏழையாக இருந்தால் அவருடைய பயணத்துக்கும் சிகிச்சைக்கும் ஸகாத்திலிருந்து கொடுங்கள். அவர் அதற்கு உரியவர். உடன் செல்ல ஒருவரை அனுப்புங்கள், ஏனெனில் மருத்துவரிடம் தம் குறையைச் சொல்லும் பேச்சே அவரிடம் இருக்காது. அவரோடு உண்ண அமரும்போது அவர் முகத்தை உற்றுப் பார்க்காதீர்கள். எழுந்து செல்லவும் செய்யாதீர்கள். அவர் பேசினால், முடிக்கும் வரை காத்திருங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. அவர்களுக்குச் சிகிச்சை செய்யும் கைகளுக்கு நன்மை புரிவானாக. நமக்கு அவன் தந்துள்ள நாவையும் உதட்டையும் பல்லையும் அண்ணத்தையும் அவனுடைய திக்ரில் பயன்படுத்தும் பேற்றைத் தருவானாக. ஆமீன்.